பயிற்சி முடியுமுன் பரணியா?

போர் நின்றுவிட்டதே என்று ஏங்குவோரும் நாட்டிலே உண்டு, தோழர்களே! 2025 ஏப்ரல் 22ல் பகல்காமிலே 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், மே 7ல் மூண்ட மோதல் 10ந் தேதி மாலையிலே ஓய்ந்தது. எல்லையோரத்து மக்கள் பெருமூச்சு விட்டனர். குண்டு விழாத இரவு ஒன்று கிடைத்ததே என்று குழந்தைகளைத் தூங்கவைத்தனர். ஆனால் எல்லைக்குப் பல நூறு கல் தொலைவிலே, பயிற்சி முகாம்களிலே, துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த இளங்காளைகளில் எத்தனை பேர், "நான் போய்ச் சேருமுன் முடிந்துபோயிற்றே!" என்று உள்ளம் சோர்ந்திருப்பர்!

அவர்களை நான் ஏசப்போவதில்லை. அதே நான்கு நாட்களில், தொலைக்காட்சிக் கூடங்களிலே அரிதாரம் பூசிய முகத்தோடு அமர்ந்து, இன்று இந்த நகரம் வீழ்ந்தது, நாளை அந்தத் துறைமுகம் சாம்பல் என்று முழங்கினரே, அந்த மாவீரர்களுக்கும் ஏமாற்றந்தான்! அவர்கள் இழக்கவிருந்தது விளம்பர வருவாய். பயிற்சியிலே இருக்கும் வாலிபன் கொடுக்கத் துணிந்ததோ தன் உயிர். இரண்டு ஏக்கத்தையும் ஒரே தராசிலே இடுபவனுக்கு நெஞ்சிலே ஈரம் இல்லை என்பேன்.

மண்ணூர்பேட்டையிலே நின்று மேற்கே செல்லும் திருவள்ளூர் நெடுஞ்சாலையைப் பாருங்கள். அருகிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. அதைக் கடந்தால் அம்பத்தூர், திருமுல்லைவாயில், பின்னர் ஆவடி. அங்கே 1961ல் அமைந்தது கனரக ஊர்தித் தொழிற்சாலை. 1965 டிசம்பரில் 'விஜயந்தா' டாங்கி அங்கிருந்துதான் உருண்டு வந்தது. அங்கேயே மத்திய ரிசர்வ் போலீசின் முகாம், அங்கேயே விமானப்படை நிலையம். (ஆவடி என்ற பெயரே டாங்கித் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் என்று சிலர் சொல்லித் திரிகின்றனர். 1955ல் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று காங்கிரசு மாநாட்டிலே தீர்மானம் போட்டார்களே, அந்த ஆவடிக்கு 1961ல் வந்த தொழிற்சாலை எப்படிப் பெயர் சூட்டியிருக்கும்?) இந்தச் சாலையோரத்திலே பிறந்து வளரும் பிள்ளைக்குக் காக்கியும் பச்சையும் அன்றாடக் காட்சி. விடியுமுன் எழுந்து ஓடுகிறான், மார்பளவு எடுத்துப் பார்க்கிறான், பட்டாளத்துக்குப் போகிறான். போனவன் போரையும் விரும்புவதிலே வியப்பென்ன?

இந்தத் தொண்டைநாட்டுக்குப் போர் வேட்கை புதிதன்று. திருமுல்லைவாயில் தலபுராணம் கூறும் கதை தெரியுமல்லவா? குறும்பரோடு போருக்கு விரைந்த தொண்டைமானின் யானைக்காலிலே முல்லைக்கொடி சுற்றிக்கொண்டதாம். அவிழ்க்கப் பொறுமையில்லை. வாளை வீசினான். கொடியின் கீழிருந்த லிங்கத்திலே வெட்டு விழுந்து குருதி பெருகிற்றாம். நம்புவோர் நம்பட்டும், நம்பாதோர் நகைக்கட்டும். ஆனால் அந்தக் கதையிலே முதல் வெட்டு எதிரியின்மீது விழவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

சங்கப் புலவர் ஒளவையாரும் ஒரு தொண்டைமானைக் கண்டவர். அதியமானின் தூதராகச் சென்றவருக்கு அவன் தன் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டினான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, பளபளவென்று மின்னின படைக்கலங்கள். புலவர் புகழ்வதுபோலப் புகழ்ந்து, எங்கள் அரசனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன என்றார். பகைவனைக் குத்தி முறிந்தவை அவை என்பது குறிப்பு. களம் காணாத உன் வேல்தான் மின்னும் என்பது உட்பொருள். பயிற்சித் திடலிலே நிற்கும் வாலிபனும் அந்த மின்னும் வேல்தான். காலணி மின்னுகிறது, பித்தளைப் பொத்தான் மின்னுகிறது, கண்ணும் மின்னுகிறது. அவனுக்குப் போர் என்பது இன்னும் அணிவகுப்பின் நீட்சி. அதை அவன் அறியாதது குற்றமன்று. அறிந்தவர் அவனுக்கு உரைக்காததே குற்றம்.

அறிந்தும் உரைக்காதவரின் கதி என்ன? பம்பாயிலே பிறந்த ஆங்கிலக் கவிஞர் ருட்யார்ட் கிப்ளிங், 1914 போருக்கு ஆள்திரட்ட மேடை மேடையாக முழங்கினார். அவர் மகன் ஜானுக்கு அப்போதுதான் பதினேழு வயது. போருக்குப் போகத் துடித்தான் பிள்ளை. கண்பார்வை போதாதென்று படையினர் மறுத்தனர். தந்தை என்ன செய்தார்? சென்னைப் படைக்கு ஒருகாலத்திலே தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுவின் நட்பைப் பிடித்து, 'ஐரிஷ் கார்ட்ஸ்' படையிலே இடம் வாங்கிக் கொடுத்தார். ஓராண்டுப் பயிற்சி. 1915 ஆகஸ்டில் பிரான்சுக்குப் பயணம். செப்டம்பர் 27ல் லூஸ் போர்க்களத்திலே பையன் மறைந்தான். அப்போது வயது பதினெட்டு. கிப்ளிங் 1936ல் கண்மூடும்வரை மகனின் உடல் எங்கே கிடக்கிறதென்று அறியாமலே போனார். அவராவது தன் பிள்ளையை அனுப்பினார்! நம்முடைய தொலைக்காட்சிப் பரணிப் புலவர்களிலே எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை ஆள்சேர்ப்பு முகாமிலே வரிசையில் நின்றான்?

பயிற்சி நிறையாதவனைக் களத்துக்குத் தள்ளினால் என்னாகும் என்பதற்கு நம்மவர் குருதியாலேயே எழுதப்பட்ட ஏடு ஒன்று உண்டு. தமிழர் ரப்பர் பாலெடுத்து வாழ்ந்த மலாயாவிலே அது நிகழ்ந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை தெற்கே பாய்ந்து வருகிறது. மூவார் ஆற்றைக் காக்க நிறுத்தப்பட்டது 45வது இந்தியக் காலாட்படைப் பிரிகேடு. பெரும்பாலோர் மீசை அரும்பாத இளைஞர். மேற்காசியப் பாலைநிலப் போருக்கென்று சேர்க்கப்பட்டு, அந்தப் பயிற்சியும் முற்றுப்பெறாமல், காட்டையும் ரப்பர்த் தோட்டத்தையும் கண்டறியாமல் கப்பலேற்றப்பட்டவர்கள். ஒரு வாரத்துக்குள் பிரிகேடு சிதைந்தது. அதன் தலைவர் டங்கன் மாண்டார். அந்தப் பாடமாவது உறைத்ததா வெள்ளை ஏகாதிபத்தியத்துக்கு? அதே மாதக் கடைசியிலே இன்னும் சுமார் 7,000 இந்திய ரெக்ரூட்டுகளைச் சிங்கப்பூரிலே கொண்டுவந்து இறக்கியது. பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் சரணடைந்தது. வந்திறங்கி மூன்று வாரத்திலே சிறைக்கூடம்! அந்த இளைஞர்களுக்கு வீரம் குறைவென்று கூறத் துணிபவர் யார்? குறைந்தது வீரமன்று, மாதங்கள். அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய மாதங்களைத் திருடியவர்கள் தலைமையகத்திலே இருந்தனர்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2022 ஜூன் 14ல் டில்லி அரசு 'அக்னிபத்' என்றொரு திட்டத்தை அறிவித்தது. பதினேழரை வயதிலிருந்து இருபத்தொன்றுக்குள் சேர வேண்டும் என்றது அந்த அறிவிப்பு. நான்கே ஆண்டுப் பணி. பயிற்சிக்காலமும் அந்த நான்குக்குள்ளேயே அடக்கம். முடிவிலே நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரை நிறுத்திக்கொள்வர், ஏனையோர் வீட்டுக்கு. ஓய்வூதியம் கிடையாது. கையிலே ஏறத்தாழ 11.71 லட்சம் தருவார்களாம். அதிலே பாதி அவன் மாத ஊதியத்திலிருந்தே பிடித்து வைத்தது! செய்தி கேட்டதும் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இளைஞர் கொதித்தெழுந்தனர். செகந்தராபாத் ரயில் நிலையத்திலே துப்பாக்கிச் சூட்டுக்கு ஓர் இளைஞர் பலியானார்.

இத்திட்டத்துக்கும் போர் வேட்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே காண்டிராக்டு வேலை பார்க்கும் தோழனைக் கேளுங்கள், அவன் சொல்வான். அவன் ஏன் ஷிப்டு முடிந்தும் இயந்திரத்தை விட்டு நகர்வதில்லை? காய்ச்சலிலும் ஏன் வருகிறான்? மேஸ்திரி ஏவாத வேலையையும் ஏன் தானாக இழுத்துப்போட்டுச் செய்கிறான்? "பெர்மனெண்ட் ஆக்குவார்கள்" என்ற ஒரு சொல்லுக்காக. நால்வரிலே ஒருவனுக்குத்தான் அந்தப் பேறு என்றால் நால்வரும் முதுகொடிய உழைப்பர்; முதலாளிக்கு ஒரு கூலியிலே நான்கு பேரின் வெறி கிடைக்கும். அதே சூத்திரத்தை எடுத்துச் சென்று பாசறையிலே நட்டுவிட்டனர். அங்கே மேஸ்திரிக்குக் காட்ட வேண்டியது ஓவர்டைம் அன்று, துணிச்சல்! நான்காண்டுக்குள் ஒரு போர் வந்தால் தன்னைக் காட்டிக்கொள்ளலாம்; வராவிட்டால்? நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்துப் போருக்கு ஏங்கும் நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டு, பின் அவனது ஏக்கத்தையே தேசபக்தி என்று படம்பிடித்துக் காட்டுகின்றனர்.

"பட்டாளத்தைப் பழிக்கிறார்கள்!" என்று உடனே கூக்குரல் கிளம்பும். கிளம்பட்டும். படையை இளமையாக்கவே இத்திட்டம், சராசரி வயது 32லிருந்து 26க்கு இறங்கும் என்கின்றனர். இளமை நல்லதுதான். பனிமலையிலே மூச்சுத் திணறாமல் ஏற இளமை வேண்டும், ஒப்புகிறேன். ஆனால் எப்போது சுடக்கூடாது என்று அறிவதற்கு அனுபவம் வேண்டுமே! பழைய ஜவான் பதினைந்து ஆண்டுக்கு மேலும் நின்றான். தன் பக்கத்திலே நின்ற புதியவனின் துடிப்பை அடக்கும் அண்ணனாக இருந்தான். அந்த அண்ணன்களின் தொகையைக் குறைத்துவிட்டுத் தம்பிகளின் துடிப்பை மட்டும் பெருக்குவதா படையை வலுப்படுத்துவது? துணைப்படைகளிலே இடஒதுக்கீடு உண்டு என்றும் கூறினர். ஒதுக்கீடு என்பது வரிசையிலே ஓர் இடம், வேலை அன்று.

அந்த மே மாத மோதலிலே, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே ஷெல்வீச்சில் ஆந்திரத்து அக்னிவீரர் ஒருவர் உயிர் நீத்தார். அண்டை மாநிலத்து ஏழை வீட்டுப் பிள்ளை. அக்னிவீரர் களத்திலே மாண்டால் காப்பீட்டுத் தொகை உண்டு, கருணைத் தொகை உண்டு; மறுக்கவில்லை. ஆனால் நிரந்தரச் சிப்பாயின் குடும்பத்துக்குரிய வாழ்நாள் ஓய்வூதியம் இல்லை. ஒரே பதுங்குகுழி, ஒரே குண்டு, ஒரே மூவர்ணக் கொடி. இரண்டு தாய்மாருக்கு இரண்டு கணக்கு! அணிவகுப்பிலே சமம், அழுகையிலே பேதமா?

2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்ற முதல் அணிக்கு 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் நான்காண்டு நிறைகிறது என்பது கணக்கு. தோழர்களே, உங்கள் தெருவிலிருந்து யார் யார் சென்றனர் என்று பட்டியல் எடுங்கள். திரும்பி வந்தவனிடம் போர்க்கதை கேட்டு மாலை போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்; நிறுத்திக்கொண்டனரா, விடுவித்தனரா, என்ன வேலை கொடுத்தனர், இன்னும் போருக்கு ஏங்குகிறானா என்று கேட்டு எழுதியனுப்புங்கள். திட்டத்தின் புகழ் பாட அமைச்சர் எவரேனும் ஆவடிப் பக்கம் வந்தால், அந்தப் பட்டியலை அவர் கையிலேயே கொடுத்து, எதிரே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வேலையை எழுதச் சொல்லுங்கள்.