கையெழுத்து ஒத்து வரவில்லை!

வடசேரி சந்தையில் மட்டிப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், படிப்புரையில் அக்கா மகன். போன மாசம் ஒரு பழைய பிக்ஸல் போனில் 'கிராஃபீன் ஓஎஸ்' ஏற்றி, "மாமா, இனி உங்கள ஒரு ஈ காக்கா வேவு பாக்க முடியாது" என்று என் தலையில் கட்டியவன் இவன்தான்.

"கூகுள்ட்ட இருந்து ஒளியதுக்கு கூகுள் செய்த போனாலே? கள்ளன்கிட்டயே பூட்டு வாங்கின கதையால்லா இருக்கு!"

"பூட்டு நல்ல பூட்டு மாமா. சாவி உங்க கையில."

எனக்கு ஒரு தேவை இருந்தது. கடன் வாங்கிய நண்பர் ஒருவர், 'ஒண்ணாம் தேதி தந்திருதேன்' என்று வாட்ஸப்பில் அனுப்புவார். ரெண்டாம் தேதி பார்த்தால் அழித்திருப்பார். பி.காம். படித்தவனுக்கு வவுச்சர் இல்லாமல் தூக்கம் வருமா? அழித்ததையும் காட்டுகிற 'திருத்திய' வாட்ஸப் உண்டாமே!

"போடலாம். ரூட் பண்ணாமலே போடலாம்."

"ரூட்னா?"

"போன் மொத்தத்துக்கும் பவர் பத்திரம் எழுதிக் குடுக்கது. அது வேண்டாம்."

போட்டான். 'முடியாது' என்றது போன்.

காரணம் சொன்னான். ஒவ்வொரு ஆப்பிலும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். பிரித்துத் திருத்தி ஒட்டியவரிடம் அந்தச் சாவி கிடையாது. தன் கையெழுத்தைத்தான் போடுவார். அதே பேரில் வேறு கையெழுத்தோடு வந்தால், பழசின் மேல் ஏற விடாது. அட, கையெழுத்து மாறினால் பேங்க் செக்கைத் திருப்புகிறதே, அதேதான்!

"பழச எடுத்துட்டுப் போடலாம். உள்ள உள்ள பேச்செல்லாம் போயிரும். பேக்கப் எடுத்திருக்கியளா?"

இல்லை. விரல் தானாகவே பின்வாங்கியது. உள்ளே ஒரு நாலு விநாடிக் குரல் இருக்கிறது. "மக்களே, வரும்போ மட்டிப்பழம் வாங்கிட்டு வா." அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு.

"வேற பேர்ல, பழசுக்குப் பக்கத்துல தனியா வைக்க மாதிரியும் உண்டு மாமா. ரூட் இல்லாததால ஒரு ஆப்போட ரூம அடுத்தது எட்டிப் பாக்காது. ஆனா அந்த ரூமுக்குள்ள நீங்களே பேசுதத, நீங்களே குடுத்த அனுமதிய, எந்தப் பூட்டு தடுக்கும்?"

2021-ல் 'எஃப்எம் வாட்ஸப்' என்கிற திருத்திய ஆப்பின் ஒரு பதிப்புக்குள் 'ட்ரியாடா' என்ற ட்ரோஜன் ஒளிந்திருந்ததை கேஸ்பர்ஸ்கி கம்பெனி கண்டுபிடித்தது. எஸ்.எம்.எஸ். படிக்க நாம் கொடுத்த அனுமதியை வைத்தே, நமக்குத் தெரியாமல் கட்டணச் சேவைகளில் நம்மைச் சேர்த்துவிடக்கூடியதாம். வாட்ஸப்காரர்களும் இப்படிப்பட்ட ஆப் வைத்திருப்பவர்களின் கணக்கை முடக்குகிறார்கள். பூட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, முகம் தெரியாத ஆளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பூட்டுவானேன்!

"வேண்டாம்லே. முதல்ல பேக்கப் எடு."

எடுத்தான். அப்பா பத்திரம். நண்பரின் பாக்கியை வாராக்கடனில் எழுதிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மட்டிப்பழச் சீப்பில் பாதி காலி.

அதற்கு நான் வவுச்சர் கேட்கவில்லை.