சாவியைக் கொடுக்காதீங்க, அண்ணாச்சி!

“பாஸ்வேர்டைச் சொல்லுங்க அண்ணாச்சி, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்!”

கடையநல்லூர் கம்ப்யூட்டர் கடைகளில் சகஜமாகக் கேட்கிற பேச்சு இது. பொதிகை எக்ஸ்பிரசில் சென்னை போக தட்கல் டிக்கெட் வேண்டும். படுக்கை வசதிப் பெட்டிக்கு காலை 11 மணிக்கு முன்பதிவு திறக்கும். அவசரம்! அண்ணாச்சி பாஸ்வேர்டைச் சொல்கிறார். கடைக்காரர் நோட்டில் குறித்துக்கொள்கிறார். டிக்கெட் கிடைத்துவிடுகிறது. அந்த நோட்டு?

2025 ஜூலை முதல் தட்கலுக்கு ஆதார் ஓ.டி.பி.யும் கட்டாயம். அதையும் நாம் சத்தமாகப் படித்துக் காட்டுகிறோம்!

நோட்டாவது கண்ணுக்குத் தெரியும். சில வெப்சைட்டுகளும் இதையே செய்கின்றன. “உங்கள் பாங்கி பாஸ்வேர்டைக் கொடுங்கள், எங்கள் புரோகிராம் வரவு-செலவைப் பார்த்துச் சொல்லும்” என்கின்றன.

இதில்தான் ஆபத்து. ஒரு வெப்சைட் தன் சொந்த வாசலுக்கான பாஸ்வேர்டை உருத்தெரியாமல் மாற்றி வைக்கலாம். திருடன் எடுத்தாலும் லேசில் பயன்படாது. ஆனால் உங்களுக்காக இன்னொரு வாசலில் போய் நிற்கிற புரோகிராமுக்கு அசல் பாஸ்வேர்டே வேண்டும். அது களவு போனால் எல்லாம் போச்சு.

வேறு வழி இல்லையா? இருக்கிறது!

கடைப்பையனிடம் பணப்பெட்டிச் சாவியையா கொடுக்கிறோம்? செக் எழுதிக் கொடுக்கிறோம். யாருக்கு, எவ்வளவு என்று அதில் இருக்கும். 3 மாதம்தான் செல்லும். வேண்டாம் என்றால் நிறுத்தலாம்.

கம்ப்யூட்டருக்கும் இப்படி ஒரு ‘செக்’ உண்டு. 2012-ல் வெளியான ‘ஓஆத் 2.0’ என்ற முறை அது. டிஜிலாக்கரில் உள்ள சான்றிதழ் ஒரு வெப்சைட்டுக்கு வேண்டுமா? அது உங்களை டிஜிலாக்கர் பக்கத்துக்கே அனுப்பும். நீங்கள் அங்கே நுழைந்து, “இந்தச் சான்றிதழை மட்டும் கொடு” என்று சம்மதிக்க வேண்டும். வெப்சைட்டுக்குக் கிடைப்பது கெடு வைத்த ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே. பாஸ்வேர்டு அதன் கைக்குப் போவதே இல்லை.

ஆளுக்கும் இதே நியாயம்தான். இ-சேவை மையத்தில் ஊழியர் தன் சொந்த ஐ.டி.யில்தான் வேலை பார்க்கிறார். ரெயில்வே அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டுக்கும் தனி ஐ.டி. உண்டு. அனுமதி இல்லாமல் டிக்கெட் வியாபாரம் செய்தால் 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 143-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை ஜெயில். கடைக்காரத் தம்பிகளும் யோசிக்க வேண்டும்!

கம்ப்யூட்டர் தெரியாதவருக்கு உதவ ஆள் வேண்டும்தான். மறுக்கவில்லை. எனவே எல்லா அரசு வெப்சைட்டுகளும் உதவி செய்பவருக்கு என்று தனி வாசல் வைக்க வேண்டும். அவர் நமக்காக வரட்டும். நாமாகவே வரக்கூடாது!

அதுவரை? பாஸ்வேர்டை உங்கள் விரலாலேயே அடியுங்கள். வேலை முடிந்ததும் ‘லாக்-அவுட்’ செய்துவிட்டு எழுந்திருங்கள்.

வேலைக்கு ஆள் வைக்கலாம், அண்ணாச்சி. வீட்டையே எழுதிக் கொடுக்கலாமா?