ஸ்பிரிங்கை வெட்டலாமா?

இக்காலத்து இளைஞரிடையே ஒரு மோகம் பரவி வருகிறது. பழைய கார் ஒன்றை வாங்க வேண்டியது. அதன் ஸ்பிரிங்கை வெட்டித் தரையோடு தரையாக இறக்க வேண்டியது. மாலை வேளையில் வேளச்சேரி சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டியது. "பந்தயக் கார் மாதிரியே இருக்கிறதே!" என்று நாலு பேர் சொல்லிவிட்டால் பிறவிப் பயன் கிட்டிவிட்டது!

இதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. என் பெரியப்பா மகன் தம் காரின் ஸ்பிரிங்கை வெட்டிய இரவில், பக்கத்தில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அது மட்டுமா? வெட்டுவதற்குக் காரணம் எடுத்துக் கொடுத்தவனும் நானே.

"நீ பிசிக்ஸ்தானே படிக்கிறே? வண்டிய இறக்கினா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார் அண்ணன்.

"ஈர்ப்பு மையம் கீழே வந்தா வளைவுல வண்டி அவ்வளவா சாயாதுண்ணே" என்றேன். முதலாண்டுப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது. சொல்லாமல் இருக்க முடியுமா?

நான் சொன்னது பொய்யன்று. அதற்குச் சான்று நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரத்தில் ரயிலேறி நாள்தோறும் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் பெருங்களத்தூரையும் வண்டலூரையும் கடந்தே வருகிறோம். அந்தப் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் உருவாயிற்று. 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. அதே ஹெரால்டின் அடித்தளத்தைக் குறுக்கி, 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்தார்கள். ஆக, ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு நம் வண்டலூர்ப் பக்கம் பிறந்தது என்று நாம் தாராளமாகப் பெருமை கொள்ளலாம்.

இந்த ஹெரால்டுக்கு ஒரு கோளாறு உண்டு. அதன் பின்சக்கரங்கள் தனித்தனி அரை ஆக்சில்களில், நடுவிலுள்ள டிஃபரன்ஷியலைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் ஊசலாடும். வளைவில் வேகமாகப் போகையில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் காரின் பின்புறம் எழும்பும். சக்கரத்தின் அடிப்பகுதி உட்பக்கமாக மடங்கும். சாலைப் பிடிப்பு நழுவும். ஆகவே ஹெரால்டையும் ஸ்பிட்ஃபயரையும் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்வோர், குறுக்கே பூட்டிய பிளேட் ஸ்பிரிங்கைத் திருத்திப் பின்புறத்தைச் சற்றே இறக்குவார்கள். சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து நிற்கும். மடங்கும் அபாயம் குறையும். தொழிற்சாலையும் வாளா இருக்கவில்லை. 1972-ல் வந்த 'கெஸல்' காரில் ஊசலாடும் ஆக்சிலையே கைவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில், சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடமே அமைந்தது. அங்கெல்லாம் இறக்கிய கார் அறிவின் அடையாளம். ஏனெனில் அங்கே வேகத்தடை இல்லை, பள்ளம் இல்லை, பாட்டியும் இல்லை.

எங்கள் பாட்டி மாடம்பாக்கத்தில் இருக்கிறார். கார்த்திகை மாதத்து மழை இரவொன்றில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இறக்கிய காரின் பின்னிருக்கையில் அவரைச் சாய்த்து, நான் தோளில் தாங்கிக்கொள்ள, அண்ணன் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் பாட்டி "அம்மா" என்றார். இராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டியதும், மழைநீரில் மறைந்திருந்த வேகத்தடை ஒன்றில் காரின் அடிவயிறு மோதியது. ஆயில் சேம்பர் கிழிந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததைக் கண்டும், "கேம்ப் ரோடு வரைக்கும் போயிடலாம்" என்று அண்ணன் ஓட்டினார். போக முடியவில்லை; எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஆட்டோ ஒன்று வந்து நிற்க இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்தில் நான் படித்த பௌதிகம் முழுவதும் என் நினைவுக்கு வந்தது.

ஸ்பிரிங்கின் சுருள்கள் குறைந்தால் அதன் விறைப்பு கூடும். அதைத்தான் நான் அண்ணனிடம் சொல்லவில்லை. ஒன்றரைச் சுருளை வெட்டியதும் மிஞ்சியது கடினமான ஸ்பிரிங். ஆனால் ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்காக அளந்து செய்தது. சக்கரம் மேலெழும்ப இருந்த இடமும் பாதியாயிற்று. நம் சிறு கார்கள் பலவற்றுக்கும் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே 160 முதல் 180 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி, வட்டவடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையதாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் உள்ளவற்றை அளந்து பார்க்க எவரும் டேப் எடுத்துப் போக வேண்டியதில்லை. பேருந்தின் கடைசி இருக்கையில் ஒருமுறை அமர்ந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்போருக்கு: பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து ஸ்பிரிங்கை வெட்டாமல் விட்டவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

காரை இறக்க ஆசைப்படும் நண்பர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் ஓட்டுவதானால், ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பொருத்தமான ஜோடியாக வாங்கி, விவரமறிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். தாம்பரத்தில் ஓட்டுவதானால், முதலில் உங்கள் காரின் பின்னிருக்கையில் நீங்களே அமர்ந்து, வேறொருவரை ஓட்டச் சொல்லி, மாடம்பாக்கம் வரை ஒருமுறை போய் வாருங்கள்.

பாட்டி பிழைத்துக்கொண்டார். அண்ணன் புதுப்பேட்டையில் பழைய ஸ்பிரிங் ஜோடி ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டார். எஞ்சினுக்கு ஆன செலவை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. வெட்டிய ஸ்பிரிங் ஒன்று என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. நம் இயற்பியல் துறை ஏற்றுக்கொள்ளுமானால், ஹூக் விதிச் சோதனைக்காக அதைக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன். வெட்டாத ஸ்பிரிங் ஒன்றையும் பக்கத்தில் வைத்து அளந்தால், முதலாண்டு மாணவர்களுக்கு மீதிப் பாடமும் கிடைக்கும்.