குழம்புச் சோறும் காவல் நாயும்

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மலையில் உள்ள மறையூர், வட்டவடை, மூணாறு, வண்டன்மேடு, குமுளி முதலிய இடங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இவ்வீடுகளில் பலவற்றின் திண்ணையிலோ லயத்தின் வாசலிலோ ஒரு நாய் படுத்திருக்கும். வீட்டார் உண்டு முடித்தபின் எஞ்சும் சோற்றைக் குழம்போடு பிசைந்து அதற்கு வைப்பது நெடுநாள் வழக்கம். சாம்பார், புளிக்குழம்பு, மீன்கறி, கோழிக்கறி என்று எது மிஞ்சினாலும் அது நாயின் தட்டுக்குச் செல்கிறது. இவ்வழக்கம் அன்பினால் பிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், அவ்வுணவு நாயின் உடலுக்கு ஏற்றதா என்பது தனியே ஆராய வேண்டிய வினா. காரமும் வெங்காயமும் கலந்த குழம்பு நாய்க்கு ஏற்ற உணவன்று. அதனை நாள்தோறும் இடும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நாய்க்கு நாம் பட்ட கடன்

தமிழ் மக்கள் நாயைக் கீழாக மட்டும் எண்ணியவர் அல்லர். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல், கள்வரைக் கடித்துக் காவல் காத்த ஒரு நாயின் பெயரைக் 'கோவிவன்' என்று எழுத்தில் பொறித்து வைத்திருக்கிறது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது.

நம் காலத்திலும் அத்தகைய நாய் ஒன்றை இடுக்கி கண்டது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. எழுபது பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வீட்டாரைப் பிரிந்த 'குவி' என்னும் நாய் சேற்றிலும் ஆற்றங்கரையிலும் நாள்தோறும் அலைந்தது. எட்டாம் நாள் ஆற்றோரம் ஓரிடத்தில் நின்று அது நகர மறுக்கவே, மீட்புப் பணியாளர் அங்கே தேடினர். அவ்வீட்டுக் குழந்தையின் உடல் அவ்விடத்தில் கிடைத்தது. பின்னர் இடுக்கிக் காவல் துறையின் நாய்ப் பிரிவினர் குவியைத் தம் பொறுப்பில் எடுத்துப் பேணினர்.

இத்தகைய உயிருக்கு நாம் இடும் உணவு, மிச்சத்தைக் கழிக்கும் வழியாக மட்டும் இருத்தல் முறையாகாது. அது அவ்வுயிரைக் காக்கும் உணவாக இருத்தல் வேண்டும்.

காரம் என்ன செய்கிறது?

மிளகாயின் காரத்திற்குக் காரணம் கேப்சைசின் என்னும் வேதிப்பொருள். இது நாவிலும் குடலிலும் உள்ள, வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அந்நரம்பு முனைகளில் உள்ள உணர்வாங்கியை 1997ஆம் ஆண்டு டேவிட் ஜூலியஸ் என்னும் அறிஞரின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. 2021ஆம் ஆண்டு அவருக்கு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. காரம் சுவையன்று, எரிச்சலே என்பதை இவ்வாய்வு தெளிவாக்கியது. மிளகின் காரமும் அதே நரம்புகளையே தூண்டுகிறது.

மனித நாவில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் சுவை மொட்டுகள் உள்ளன; நாயின் நாவில் ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறே உள்ளன. இதனால் நாய்க்குக் காரம் தெரியாது என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். அம்முடிவு பிழையானது. எரிச்சலை உணர்வது சுவை மொட்டு அன்று, வலி நரம்பு. அந்நரம்பு நாய்க்கும் உண்டு. மனிதன் அந்த எரிச்சலை விரும்பிப் பழகிக்கொள்கிறான். நாயோ பசியினால் விழுங்குகிறது. பின்னர் எச்சில் வடித்தல், வாந்தி, வயிற்றுப்போக்கு, ஓயாத தாகம் ஆகியவற்றால் துன்புறுகிறது.

மிளகாய் தின்ற நாய்க்குச் சீற்றமும் காவல் உணர்ச்சியும் மிகும் என்று நம்புவோரும் உண்டு. ஏலத்தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் காவலுக்கு விடப்படும் நாய்கள் இந்நம்பிக்கையால் அல்லற்படுகின்றன. வயிறு எரியும் நாய் சிடுசிடுக்கலாம். அது துன்பத்தின் அறிகுறியேயன்றி வீரத்தின் அறிகுறியன்று. இடுக்கி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் உள்ள கோம்பை என்னும் ஊர், தன் பெயரையே ஒரு காவல் நாயினத்திற்குத் தந்துள்ளது. அந்த நாயின் ஆற்றலுக்குக் காரணம் அதன் பிறவி இயல்பும் வளர்ப்பும் பயிற்சியுமே, மிளகாய் அன்று.

காரத்தினும் கொடியது

காரம் வருத்தும், வெங்காயமோ குருதியையே கெடுக்கும். பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு ஆகிய மூன்றும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் சிதைக்கின்றன. சிதைந்த பகுதி சிவப்பணுவின் ஓரத்தில் சிறு திரளாகப் படிகிறது. இத்திரளை 1890ஆம் ஆண்டு விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் ஹெயின்ஸ் என்பவரின் பெயரால் அது 'ஹெயின்ஸ் திரள்' எனப்படுகிறது. அவ்வாறு கெட்ட அணுக்களை உடல் அழித்துவிடுவதால் நாய்க்குக் குருதிச்சோகை உண்டாகிறது. வெங்காயம் உண்ட நாய்களுக்குச் சோகை உண்டாவதை 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் செப்ரெல் ஆய்வு செய்து வெளியிட்டார்.

எவ்வளவு உண்டால் தீங்கு? நாயின் எடையில் இருநூறில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வெங்காயத்தை ஒரே வேளையில் உண்டால் நஞ்சேறக்கூடும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் கூறுகின்றன. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு இது ஐம்பது கிராம்; அதாவது, ஒரு சிறிய வெங்காயத்தின் எடை. ஒரு கரண்டிச் சாம்பாரில் இவ்வளவு வெங்காயம் இராது என்பது உண்மையே. எனவே, தவறிச் சிந்திய ஒரு வாய் குழம்பை நாய் நக்கிவிட்டால் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால், சிறிய அளவாயினும் நாள்தோறும் தொடர்ந்து உண்டால் தீங்கு சேர்ந்துகொண்டே போகும். உள்ளித் தீயலும் சின்ன வெங்காயச் சாம்பாரும் சமைக்கும் வீடுகளில் அடிச்சட்டியில் எஞ்சுவது பெரும்பாலும் வெங்காயமே என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வேகவைத்தாலும் வறுத்தாலும் உலர்த்திப் பொடித்தாலும் இந்நஞ்சு நீங்குவதில்லை. வெங்காயத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டால் போதும் என்பதும் சரியன்று. அவற்றின் சாறு குழம்பிலேயே கலந்து நிற்கிறது. காந்தலூர், வட்டவடைப் பகுதியில் விளையும் பூண்டு புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரியது. மனிதருக்கு மணமும் மருந்துமான அப்பூண்டு நாய்க்கு மட்டும் பகையாக நிற்கிறது.

சட்டியில் உள்ள பிற

புளியும் ஐயத்திற்குரியதே. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. புளி உண்ட நாய்களுக்கும் அதே வகைப் பாதிப்பு நேர்ந்ததை 2022ஆம் ஆண்டு வெளிவந்த கால்நடை மருத்துவ ஆய்வுக்கட்டுரை ஒன்று எடுத்துரைத்தது. இரண்டிலும் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. குமுளிக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சையையும், பாயசத்தில் இடும் உலர்திராட்சையையும் நாய்க்குத் தருதல் கூடாது.

கறியில் மிதக்கும் எண்ணெயும் கொழுப்பும் கணையத்தில் அழற்சியை உண்டாக்கலாம். சமைத்த கோழி எலும்பும் ஆட்டெலும்பும் கூராகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கலாம். ஊறுகாயிலும் கருவாட்டிலும் உள்ள உப்பு அளவுக்கு மிஞ்சியது. மூணாற்றுக் கடைகளில் விற்கும் சாக்லேட் குழந்தைகளுக்கு இனிப்பு. நாயின் இதயத்துக்கும் நரம்புக்கும் அது நஞ்சு. மஞ்சள், சீரகம், கொத்துமல்லி, கறிவேப்பிலை ஆகியவை சிறிய அளவில் தீங்கு செய்வதில்லை. ஆகவே, பழி மசாலா முழுவதற்கும் உரியதன்று. எது பகை, எது நட்பு என்று பிரித்தறிவதே அறிவுடைமை.

மறுப்புகளும் விடைகளும்

"பாட்டன் காலத்து நாய்கள் குழம்புச் சோறே தின்று வாழவில்லையா?" என்று கேட்பர். இக்கேள்வியில் ஓரளவு உண்மை உண்டு. நாய்கள் மனிதரோடு வாழ்ந்து மாவுணவுக்குப் பழகிக்கொண்டவை; ஓநாயைவிட மாவுப்பொருளைச் செரிக்கும் மரபணுப் படிகள் நாய்க்கு மிகுதி என்பதை 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. எனவே, சோறு நாய்க்கு ஏற்றதே. ஆனால், சோற்றைச் செரிக்கும் ஆற்றல் வெங்காயத்தை வெல்லும் ஆற்றலாகாது. மேலும், வாழ்ந்த நாய்களையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்; சோர்ந்து மூலையில் படுத்து இறந்தவற்றை எவரும் கணக்கில் வைக்கவில்லை. வெங்காய நஞ்சின் அறிகுறி உண்ட அன்றே தோன்றாமல் சில நாள் கழித்தே தோன்றுவதும் உண்டு. அப்போது உணவையும் நோயையும் இணைத்துப் பார்ப்பவர் அரியர்.

"கூலி வேலை செய்வோர் கடையில் விற்கும் நாயுணவுக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. இதுவே எடைபோட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. தேயிலை பறித்தும் ஏலம் எடுத்தும் வாழும் குடும்பத்திடம் விலையுயர்ந்த பொட்டல உணவை வாங்கச் சொல்வது அறமாகாது. அது தேவையும் இல்லை. அதே அடுப்பில், அதே அரிசியில் நாய்க்கு நல்லுணவு சமைக்கலாம். வேண்டுவது பணமன்று, தாளிப்பதற்குமுன் எடுத்துவைக்கும் ஒரு சிறு கவனம்.

ஒரே அடுப்பு, தனிக் கிண்ணம்

சோறு வெந்ததும் நாயின் பங்கை ஒரு கிண்ணத்தில் முதலில் எடுத்துவைக்கலாம். பருப்பு வெந்தபின், உப்பும் புளியும் வெங்காயமும் சேர்க்குமுன் அதில் சிறிது ஊற்றலாம். வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், எலும்பு நீக்கிய கோழித்துண்டு ஆகியவற்றுள் கிடைப்பதைச் சேர்க்கலாம். வேகவைத்த பூசணியும் வட்டவடையில் விளையும் கேரட்டும் நல்லவை. அருகில் எப்போதும் தூய நீர் இருத்தல் வேண்டும். குட்டிக்கும் சினையுற்ற நாய்க்கும் சோறு மட்டும் போதாது; புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதியாக வேண்டும் என்பதால் கால்நடை மருத்துவரின் அறிவுரையைப் பெறுதல் நன்று.

வெங்காயமோ பூண்டோ மிகுதியாக உண்ட நாயிடம் சோர்வு, வெளிறிய ஈறு, மூச்சிரைப்பு, செம்பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியவை தோன்றலாம். அறிகுறிகளுக்குக் காத்திராமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். என்ன உண்டது, எவ்வளவு உண்டது, எப்போது உண்டது, நாயின் எடை என்ன என்னும் நான்கையும் மருத்துவரிடம் கூற வேண்டும். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்வது போன்ற கைவைத்தியம் தீங்கை மேலும் பெருக்கும்.

உயிர்களிடத்துப் பரிவு காட்டுதல் இந்தியக் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பின் 51அ பிரிவு கூறுகிறது. வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இடமும் தராமல் விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆயினும், அடுக்களைக்குள் சட்டம் வந்து காவல் நிற்க இயலாது. நாய்க்கு இன்னது ஆகும், இன்னது ஆகாது என்பதை வீட்டில் எடுத்துச் சொல்லும் வாய்ப்பு பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கே மிகுதி. தாளிக்கும் மணம் எழுமுன் ஒரு கிண்ணத்தை நீட்டி நாயின் பங்கைக் கேட்டு வாங்கும் பிள்ளை, தன் வாசலைக் காக்கும் உயிருக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிடுகிறது.

சிந்தித்து எழுதுக

1. காரம் சுவையன்று என்பதற்குக் கட்டுரையில் கூறப்படும் சான்று யாது?
2. வெங்காயத் துண்டுகளை நீக்கிவிட்டுக் குழம்பை நாய்க்கு வைக்கலாமா? காரணம் கூறுக.
3. "பாட்டன் காலத்து நாய்கள் வாழவில்லையா?" என்னும் மறுப்புக்குக் கட்டுரை தரும் விடை உமக்கு ஏற்புடையதா? உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.
4. உம் வீட்டில் ஒரு வாரம் சமைத்த குழம்பு வகைகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் நாய்க்கு ஆகாத பொருள்களை அடிக்கோடிடுக.