மூடிய சிறகுக்கு இனப்பெயர் எதற்கு?

பொம்மையார்பாளையத்துப் புல்வெளியில் பழுப்பாக ஒரு தாவி வந்து உட்காருகிறது. படம் ஏற்றிய நொடியில் செயலி இனப்பெயர் சொல்லிவிடுகிறது. சிறகு மூடியிருக்கு, மேற்புறம் தெரியவே இல்லை. அப்புறம் எப்படி?

பெலோபிடாஸ் மத்தியாஸ், பெலோபிடாஸ் அக்னா இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆணின் முன்சிறகு மேற்புறத்தில் சாய்வாக ஒரு சாம்பல் கோடு உண்டு. வாசனைச் செதில்களால் ஆனது. சிறகறையிலுள்ள இரண்டு வெள்ளைப் புள்ளிகளை இணைத்து நீட்டிப் பார்த்தால் மத்தியாஸில் அந்தக் கோட்டை வெட்டும், அக்னாவில் பொதுவாக வெட்டாது. பெண்ணுக்குக் கோடே கிடையாது. அச்சு அசலாக இதேபோல இருக்கும் போர்போ சின்னாராவின் ஆணுக்கும் கிடையாது.

ஐ-நேச்சுரலிஸ்டில் பதிந்தவரோடு இன்னொருவர் ஒத்துக்கொண்டாலே ‘ஆய்வுத் தரம்’. அந்த இன்னொருவரும் பல நேரம் செயலி சொன்னதற்கே தலையாட்டுகிறார். இப்படிப் பெயர் ஒட்டிய படங்களிலிருந்துதான் அடுத்த மாடல் கற்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் சொல்கிறேன்: இந்தப் பிழை தானாகச் சரியாகாது, உறுதிப்படும். மத்தியாஸின் புழு நெற்பயிரையும் தின்னும். எந்த ஊரில் எது இருக்கிறது என்பது வெறும் சேகரிப்பாளர் சண்டை இல்லை.

“அப்போ பதிவே போடக்கூடாதா?” போடுங்க, பேரினத்தோடு நிறுத்துங்க. ‘பெலோபிடாஸ், இனம் தெரியவில்லை’ என்பதும் தரவுதான். இனம்தான் வேண்டுமென்றால், அது வெயில் காய முன்சிறகைப் பாதி திறக்கும்வரை புல்லோரம் உட்கார்ந்திருங்கள்.