குதிரைத் தீவனத்தில் ஓரிகனோ: மணமும் அளவும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அண்மையிலுள்ள தனுவச்சபுரம் முதலிய எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. அங்குள்ள வீட்டு முற்றங்களின் ஓரத்தில், தடித்த, மென்மயிர் படர்ந்த, கிள்ளினால் கடுமணம் வீசும் இலைகளையுடைய செடியொன்றைக் காணலாம். தமிழர் அதனைக் கற்பூரவல்லி என்பர்; மலையாளத்தார் பனிக்கூர்க்கை என்பர். குழந்தைக்குச் சளி கண்டால் அதன் இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து கொடுப்பது இரு மொழியினர்க்கும் பொதுவான வழக்கம். ஆங்கிலத்தில் இச்செடிக்கு வழங்கும் பெயர்களுள் 'இந்திய ஓரிகனோ' என்பதும் ஒன்று.

மேனாடுகளில் ஓரிகனோ என்பது உணவுக்கு மணமூட்டும் ஓர் இலை. அண்மைக் காலத்தில் அதன் உலர்ந்த இலையும் எண்ணெயும் குதிரைகளுக்குத் துணைத் தீவனமாக விற்கப்படுகின்றன. செரிமானம் பெருகும், இருமல் தணியும், குடற்புழு ஒடுங்கும் என்றெல்லாம் விற்பனைத் தாள்கள் கூறுகின்றன. இதனைக் கேள்வியுற்ற விவசாயி, அதே பொருள் தம் முற்றத்துச் செடியிலும் உண்டாமே, அதனைக் கால்நடைக்குக் கொடுக்கலாமா என்று களப்பணியாளரை வினவுவது இயல்பே. தனுவச்சபுரத்தில் குதிரை அரிது. பசுவும் ஆடுமே மிகுதி. ஆயினும் குதிரையைக் குறித்து எழுந்த கேள்வி இறுதியில் மாட்டுத் தொழுவத்தில் வந்து நிற்கிறது. 'மூலிகைதானே, கொடுத்தால் கெடுதல் இல்லை' என்று விடை கூறுவது எளிது. ஆனால் அது சரியான விடை அன்று. ஒரு மூலிகையில் செயல் புரியும் பொருள் உண்டெனில் அதற்கு அளவும் உண்டு. அவ்வளவு அறியப்படும்வரை அதனைத் தீவனமாகப் பரிந்துரைத்தல் தகாது.

ஒரே பொருள், பல செடிகள்

ஓரிகனோவின் மணத்திற்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்னும் இரு பொருள்கள். இரண்டின் மூலக்கூறிலும் கார்பன் அணுக்கள் 10, ஹைட்ரஜன் அணுக்கள் 14, ஆக்சிஜன் அணு 1. அவை அமைந்திருக்கும் முறை மட்டுமே வேறு. கற்பூரவல்லி எண்ணெயிலும் இவை உண்டு. ஓமத்தில் தைமால் மிகுதி. இப்பொருள்கள் பாக்டீரியாவின் புறச்சவ்வில் கலந்து அதனைத் தளர்த்துகின்றன. உள்ளிருக்கும் உப்புக்கள் வெளியே கசிய, நுண்ணுயிர் மடிகிறது. ஆகவே ஓரிகனோவின் ஆற்றல் வெறுங்கதை அன்று.

ஆயினும், பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளின் அளவும் ஒன்றாகிவிடாது. ஓரிகனோச் செடி இமயமலைச் சாரலிலும் இயற்கையாக வளர்கிறது; ஆனால் வளரும் இடத்திற்கும் அறுவடைப் பருவத்திற்கும் ஏற்ப அதன் எண்ணெய் வேறுபடுகிறது. கற்பூரவல்லியின் பச்சை இலையிலோ பெரும்பங்கு நீரே. ஓமத்தில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு எண்ணெய் உண்டு. 3 பங்கு எனக் கொண்டால், ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 150 கிராம் ஓமத்திலுள்ள எண்ணெய்க்கு ஈடாகும். ஒரு பிடி இலைக்கும் ஒரு கரண்டி எண்ணெய்க்கும் உள்ள தொலைவை இக்கணக்கே காட்டும். நீர்த்துப்போகச் செய்யாத எண்ணெய் வாயையும் உணவுக்குழலையும் புண்ணாக்கும் தன்மையது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

குதிரையின் குடல்

குதிரை அசைபோடும் விலங்கு அன்று. அதன் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். புல்லின் நார்ப்பொருளைச் செரிக்கும் பணி, பின்னால் அமைந்த குருட்டுக்குடல் என்னும் பெரிய பையிலும் பெருங்குடலிலும் நிகழ்கிறது. அப்பணியைச் செய்பவை அங்கு வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே. அவை குலைந்தால் குதிரைக்கு வயிற்றுவலி காணும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. ஆகவே அவ்வலி உயிருக்கே உலையாகக் கூடும். நுண்ணுயிரைக் கொல்லும் பொருளைத் தீவனத்தில் நாள்தோறும் சேர்க்குமுன், அது தீயனவற்றை மட்டுமா, நல்லனவற்றையும் கொல்லுமா என்று கேட்டல் கடமை. பன்றியில் நடந்த சோதனைகளில், காப்புறை இடப்படாத கார்வக்ராலும் தைமாலும் சிறுகுடலின் முற்பகுதியைக் கடக்குமுன்னரே பெரும்பாலும் உட்கொள்ளப்பட்டுவிட்டன. குதிரையிலும் அவ்வாறாயின், பெருங்குடலில் நலம் விளையும் என்னும் விளம்பரத்திற்கு அடிப்படை குறைவு. கோழியிலும் பன்றியிலும் சோதனைகள் பல நடந்துள்ளன; குதிரையில் நடந்தவை மிகச் சில. கோழியில் கண்ட பயனைக் குதிரையில் ஏற்றிச் சொல்லுதல் அறிவியல் ஆகாது.

குதிரைத் தீவனத்தில் நேரும் பிழையின் விலையைத் தமிழகம் முன்னரே கண்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டிற்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழி வந்தன. அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்து ஊட்டினர் என்றும், பேணத் தெரிந்தவர் இன்மையால் பெரும்பாலானவை மடிந்தன என்றும் மார்க்கோ போலோ எழுதியுள்ளார். நல்ல புல், தூய நீர், காலத்தில் குடற்புழு நீக்கம் ஆகிய இவையே குதிரைக்கு முதன்மை. துணைத் தீவனம் இவற்றிற்குப் பின்னரே.

தைமால் கற்பித்த பாடம்

1914க்கு முன் இந்திய ஓமம் ஜெர்மனிக்குச் சென்று அங்குத் தைமாலாக வடிக்கப்பட்டது. அக்காலத்தில் கொக்கிப்புழு நோய்க்குத் தைமாலே தலையாய மருந்து. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1909இல் தொடங்கிய ராக்பெல்லர் இயக்கம் அதனையே கையாண்டது. அம்மருந்து நிறுத்து அளந்து, பேதி மருந்துடன் கொடுக்கப்பட்டது. எண்ணெய்ப் பண்டமும் மதுவும் உண்ணலாகாதென நோயாளி எச்சரிக்கப்பட்டார். அவை தைமாலை உடலில் மிகுதியாக ஏறச் செய்து நஞ்சாக்கும் என்பதே காரணம். 'மருந்து' என்று பெயர் பெற்றபோது அளவும் எச்சரிக்கையும் உடனிருந்தன. அதே பொருள் 'மூலிகைத் தீவனம்' என்று பெயர் பெற்றதும் இரண்டும் கைவிடப்படுகின்றன. மூலிகையை எண்ணெயில் குழைத்துக் கால்நடைக்குப் புகட்டும் வீடுகள் உண்டு. அவர்கள் இதனை அறிதல் இன்றியமையாதது.

ஆராய்ச்சி ஏன் வேண்டும்

இவ்வளவு கூறியது மூலிகையைத் தள்ளுவதற்காக அன்று. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாக விலக்கியது. உணவுக்கு வளர்க்கும் விலங்குகளில் கோலிஸ்டின் என்னும் மருந்தை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்க்கக் கேரள அரசு 2018இல் தனிச் செயல்திட்டம் வகுத்தது. இந்நிலையில் கார்வக்ராலும் தைமாலும் தக்க மாற்றாகுமா என்பது உண்மையான வினா. அதற்கு விடை காணும் வாய்ப்பும் இந்நாட்டில் உண்டு. ஹிசாரில் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் உள்ளது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. வெளிநாட்டு ஓரிகனோவைக் காட்டிலும், ஏழை எளியோர் கைக்கெட்டும் ஓமத்தையும் கற்பூரவல்லியையும் அவை அளவிட்டுச் சோதித்தல் பெரும்பயன் தரும்.

இதில் ஏழையின் பொருளும் அடங்கியுள்ளது. 2012இல் ஏறத்தாழ 6.25 லட்சமாயிருந்த இந்தியக் குதிரை, மட்டக்குதிரைகளின் தொகை 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.4 லட்சமாகக் குறைந்தது. உதகையிலும் கொடைக்கானலிலும் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரையே அதன் உடையவனுக்குப் பிழைப்பு. அவன் விலையுயர்ந்த மூலிகைத் தூளுக்குச் செலவிடும் பணம் புல்லுக்கான பணத்திலிருந்தே வருகிறது.

களப்பணியாளரும் ஆசிரியரும்

துணைத் தீவனம் ஒன்று கிராமத்திற்கு வருமானால் களப்பணியாளர் நான்கு வினாக்களை எழுப்பலாம். எந்தச் செடி? எந்தப் பகுதி? செயல் புரியும் பொருள் எவ்வளவு? எவ்விலங்கில் சோதிக்கப்பட்டது? இவற்றிற்கு விடை இல்லாத பொருளைப் பரிந்துரைக்க வேண்டியதில்லை. வயிற்றுவலி கண்ட குதிரைக்கு மூலிகையைத் தேடிக் காலம் கடத்தாமல் உடனே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். வீட்டார் ஏற்கெனவே கையாளும் மூலிகைகளை இகழாமல், விலங்கின் எடை, கொடுத்த அளவு, நாள், கண்ட விளைவு ஆகியவற்றைக் குறித்து மருத்துவரிடம் அளித்தல் நலம். பலித்ததை மட்டுமன்றிப் பலிக்காததையும் எழுதவேண்டும்.

ஆசிரியர் தம் மாணவரைக் கொண்டு 100 கிராம் கற்பூரவல்லி இலையை நிறுத்து, நிழலில் உலர்த்தி, மீண்டும் நிறுக்கச் செய்யலாம். எஞ்சும் எடை அவர்களை வியப்பில் ஆழ்த்தும். பச்சை இலைக்குக் கூறிய அளவை உலர்ந்த தூளுக்கும், தூளுக்குக் கூறியதை எண்ணெய்க்கும் மாற்றிக் கொள்ளலாகாது என்பதை அம்மாணவர் தம் வீட்டாருக்கு எடுத்துரைப்பர்.