மாதச் சிட்டை கைவிட்டுப் போகலாமா?

சென்ற மாதம் சென்னையில் மகன் வீட்டில் பத்து நாள் தங்கி வந்தோம். நமக்குச் சென்னை புதிதல்ல. கொத்தவால் சாவடியில் காய்கறி மார்க்கெட் இருந்த காலத்திலேயே, பருப்புக் கணக்கு முடிக்க அந்தப் பக்கத்து மண்டிகளில் ஏறி இறங்கியிருக்கிறோம். 1996-இல் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனதையும் பார்த்தோம். அப்போதெல்லாம் நம் கண் மொத்த வியாபாரத்தின் மீதே இருக்கும். இம்முறை வேலை ஒன்றும் இல்லாததால் சில்லறை வியாபாரத்தைக் கவனித்தோம். கண்டதை நம் விருதுநகரோடு ஒப்பிட்டுச் சொல்லத் தோன்றுகிறது.

ஒரு நாள் காலை, ஊறப்போட உளுந்து இல்லை என்று மருமகள் போனில் எதையோ தட்டினார். நாம் காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு பையன் பையோடு வாசலில் நின்றான். பொட்டலத்தைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்தோம். கல் இல்லை, வண்டு இல்லை, ஒரே ரகம். எடை, தேதி, விலை எல்லாம் அச்சிட்டிருந்தது. விலை நம் ஊர் விலையைவிடக் கூடுதல்தான். மருமகள் அதைப் பார்க்கவே இல்லை. நாற்பது ஆண்டு பருப்பு விற்ற நமக்கு அது உறைத்தது.

மாலையில் தெருமுனை மளிகைக் கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் நம் பக்கத்துக்காரர்தான். ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். "வியாபாரம் பரவாயில்லையே" என்றோம்.

"ஆள் குறையல அண்ணாச்சி. சிட்டைதான் வரல" என்றார்.

அதன் பிறகுதான் கவனித்தோம். ஒருவர் கொத்தமல்லித்தழை, ஒருவர் அரை லிட்டர் பால், ஒரு பிள்ளை தீப்பெட்டி. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு அடங்கிய மாதச் சாமான் எல்லாம் பெரிய கடைக்கும் போனுக்கும் போய்விட்டது. அங்கே வாங்க மறந்தது மட்டும் இவரிடம் வருகிறது. கடை வாடகையும் ஆள் சம்பளமும் மாதச் சிட்டையின் லாபத்தில் கட்டி வந்தவர், கொத்தமல்லித்தழையில் எப்படிக் கட்டுவார்?

நம் ஊரில் இன்னும் சிட்டை வருகிறது. பிள்ளை கையில் வந்தது இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது, அவ்வளவுதான். எந்த வீட்டுக்கு எந்த எண்ணெய், எந்த வீட்டில் விசேஷம் என்பது கடைக்காரருக்குத் தெரியும். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலை நம்பிய குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் நமது. மழையில் வேலை நின்றால் பல வீட்டு அடுப்பு எரிவது கடைக்காரர் நோட்டை நம்பித்தான். 2020 ஊரடங்கிலும் அதைப் பார்த்தோம். வாசலுக்குப் பை கொண்டுவரும் பையன் அந்த வீட்டில் சம்பளம் வந்ததா என்று அறியமாட்டான்.

இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டே இருந்தால் போதாது. வீட்டு வாசலுக்குச் சரக்கு அனுப்பும் முறை சிறு நகரங்களுக்கும் வந்துகொண்டிருக்கிறது. பழக்கத்துக்காகக் கடைக்கு வருபவர், சரக்கு சரியில்லை என்றால் எத்தனை நாள் வருவார்?

ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் இருபது ஆண்டு சரக்கெடுத்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர் தை மாதத்தில் கடையைப் பூட்டினார். பாக்கியைப் பைசா விடாமல் தீர்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு தடவை வண்டு விழுந்த துவரம்பருப்பு வந்துச்சு அண்ணாச்சி. கடனுக்கு எடுக்கிறவன் எப்படித் திருப்பிக் கொடுக்கிறது? நான் கேக்கல. வாடிக்கை கேட்டுச்சு, அப்புறம் வரல."

நமக்குப் பதில் வரவில்லை. ரொக்கம் தருபவருக்கு முதல் ரகமும் கடன்காரருக்கு மிச்சமும் ஏற்றிய நாட்கள் உண்டு. நம்மைப் போன்ற மொத்த வியாபாரிகள் பலர் இதைச் செய்கிறோம். சில்லறைக் கடை மூடினால் நம் கிட்டங்கிச் சரக்கு யாரிடம் போகும் என்று எண்ணுவதில்லை.

ஆகவே சென்னையிடம் கற்க வேண்டியதைக் கற்போம். சரக்கைச் சலித்துச் சுத்தம் செய்து, சரியான எடையில், பில்லோடு கொடுப்போம். சிட்டை அனுப்பியவர் வீட்டுக்கு அன்றே சாமான் போய்ச் சேரட்டும். 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்ட அரிசி, பருப்புப் பொட்டலங்களுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி விதித்தபோதும், மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் சரக்குக்கு அது விதிக்கப்படவில்லை. சுத்தமான சரக்கை நிறுத்துக் கொடுத்தால் விலையிலும் நாம் நிற்கலாம்.

தரம் பிரிக்கும் இயந்திரம் வாங்குவது ஒரு சிறு கடைக்காரரால் ஆகாது. சங்கத்தால் ஆகும். நம் ஊர் முன்னோர் மகமை எடுத்துப் பள்ளி நடத்தினார்கள். பெருந்தலைவர் காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலா 1889-இல் தோன்றியது அவ்வழியில்தான். அவர்கள் பள்ளிக்கு எடுத்ததுபோல் நாம் ஒரு பொது இயந்திரத்துக்கு எடுக்க முடியாதா?

அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நம் பங்கு மகமையை முதலில் தர நாம் தயார். கடனுக்கு எடுப்பவருக்கும் இனி நம் கடையில் முதல் ரகமே ஏறும்.